வெயிலும் எலும்பும்: வைட்டமின் டி பற்றி ஒரு பாடம்



இந்த மாதப் பாடத்தை என் வீட்டுக் குளியலறையில் இருந்து தொடங்குகிறேன். போன ஆண்டு ஒரு நாள் மாலை, 68 வயதான என் அம்மா அங்கே வழுக்கி விழுந்தார். உயரத்தில் இருந்து விழவில்லை, நின்ற இடத்திலேயே சாய்ந்ததுதான். உங்களில் ஒருவர் அப்படி விழுந்திருந்தால் தட்டிவிட்டு எழுந்திருப்பீர்கள். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு டாக்டர் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "எலும்பு ரொம்ப மெலிஞ்சு போச்சு, வைட்டமின் டி-யும் ரொம்பக் குறைவு" என்றார். என்னால் நம்ப முடியவில்லை. "டாக்டர், எங்கம்மா 27 வருசம் பால்மரம் வெட்டுனவங்க. வெளியிலயே கெடந்தவங்களுக்கு எப்படி?" என்று கேட்டேன். அவர் அமைதியாக, "இப்ப தினமும் எவ்வளவு நேரம் வெளியில இருக்காங்க?" என்று திருப்பிக் கேட்டார்.

எனக்கு வாய் வரவில்லை. "அம்மா, வெளிய போகாதீங்க, விழுந்துருவீங்க, உள்ளேயே ஒக்காந்து டிவி பாருங்க" என்று நாலு வருசமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான். தொடை வலிக்குது, முதுகு வலிக்குது என்று அவர் சொன்னபோதெல்லாம் ஒரு கிளினிக்கில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்து, தைலம் தேய்த்துவிட்டால் கடமை முடிந்தது என்று இருந்தேன். இத்தனைக்கும் நான் இடைநிலைப்பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுக்கிறவன். பாடநூலில் இருந்த விஷயம் என் வீட்டுக்குள்ளேயே நடந்தபோது கண்ணுக்குத் தெரியவில்லை. உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டியோ அம்மாவோ இருப்பார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. மலையில் இருப்பதும் எலும்பில் இருப்பதும்

நம் குனோங் ராபாட்டில் எந்தத் தாமானில் நின்று பார்த்தாலும் சுண்ணாம்பு மலை தெரியும். சாம் போ தோங், கெக் லோக் தோங் குகைக் கோயில்கள் இருப்பது இந்த மலையில்தான். கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயம் இருக்கும் குனோங் சீரோவும் இதே இனத்து மலைதான். இந்தக் கல் கால்சியம் கார்பனேட். மருந்துக் கடையில் விற்கும் கால்சியம் மாத்திரைகள் பலவற்றில் இருப்பதும் அதே கால்சியம் கார்பனேட்தான்.

வளர்ந்த மனிதனின் உடம்பில் ஏறக்குறைய ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும்தான். மீதி 1 விழுக்காடு இரத்தத்திலும் தசையிலும் மற்ற உயிரணுக்களிலும் இருக்கிறது. கொஞ்சமாக இருந்தாலும் இதயம் துடிக்கவும், தசை சுருங்கவும், நரம்பு செய்தி அனுப்பவும் இந்தப் பங்கு வேண்டும். ஆகவே இரத்தத்தில் கால்சியம் குறைவதை உடம்பு பொறுத்துக்கொள்ளாது. குறைந்தால் உடனே எலும்பில் இருந்து எடுத்துக்கொள்ளும்.

எலும்பு மலையைப் போல அப்படியே நிற்கும் கல் அல்ல என்பதை முதலில் மனதில் வையுங்கள். ஒரு வகை உயிரணு பழைய எலும்பை அரித்து எடுக்கும். இன்னொரு வகை அந்த இடத்தில் புதிதாகக் கட்டும். இந்த வேலை பிறந்ததில் இருந்து சாகும் வரை நடக்கிறது. கட்டுவதை விட அரிப்பது அதிகமானால் எலும்பு மெலியும்.

2. வெயிலில் இருந்து எலும்பு வரை நான்கு நிறுத்தங்கள்

கால்சியத்தைச் சாப்பிட்டால் மட்டும் போதாது, குடலைத் தாண்டி இரத்தத்துக்கு வரவேண்டும். வைட்டமின் டி போதுமான அளவு இல்லாவிட்டால் சாப்பிட்ட கால்சியத்தில் 10 முதல் 15 விழுக்காடுதான் உள்ளே போகும். போதுமான அளவு இருந்தால் 30 முதல் 40 விழுக்காடு வரை போகும். பாலையும் நெத்திலியையும் கொட்டிச் சாப்பிட்டாலும் கதவைத் திறக்க ஆள் வேண்டும். அந்த ஆள் எப்படித் தயாராகிறார் என்று பார்ப்போம்.

முதல் நிறுத்தம், தோல். நம் தோலில் கொழுப்பு இனத்தைச் சேர்ந்த ஒரு பொருள் இருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதா 'பி' கதிர் (அலைநீளம் 290 முதல் 315 நானோமீட்டர்) அதன் மேல் படும்போது அது உடைந்து, பிறகு உடல் சூட்டில் வைட்டமின் டி3 ஆகிறது. வெயில் அளவுக்கு மீறினால், மிச்சப் பொருளைத் தோலே வேறு பயனற்ற பொருள்களாக மாற்றிவிடும். அதனால் வெயிலால் மட்டும் வைட்டமின் டி நஞ்சாவதில்லை.

இரண்டாம் நிறுத்தம், கல்லீரல். டி3 இரத்தத்தின் வழியாக இங்கே வந்து முதல் மாற்றம் அடைகிறது. இது உடம்பில் சேமித்து வைக்கும் வடிவம். நீங்கள் லேப்பில் இரத்தம் கொடுத்து 'வைட்டமின் டி அளவு' பார்த்தால் அளப்பது இதைத்தான். இரண்டு மூன்று வாரத்தில் இதன் அளவு பாதியாகிவிடும்.

மூன்றாம் நிறுத்தம், சிறுநீரகம். இங்கேதான் இரண்டாவது மாற்றம் நடந்து, வேலை செய்யும் வடிவமான கால்சிட்ரியால் உருவாகிறது. இந்த வேலையைச் செய்வது சிறுநீரகம்தான் என்று கேம்பிரிட்ஜில் பிரேசர், கோடிசெக் என்ற இருவர் 1970-இல் காட்டினார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு எலும்பும் பழுதாவது இதனால்தான். நம் மக்களிடம் இனிப்புநீர் அதிகம், அதனால் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் போகிறவர்களும் அதிகம். அவர்களுக்கு வெயிலில் நிற்பது மட்டும் பயன் தராது. அந்த இறுதி வடிவத்தையே மருத்துவர் மருந்தாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

நான்காம் நிறுத்தம், சிறுகுடல். கால்சிட்ரியால் இங்கே வந்து, கால்சியத்தைப் பிடித்து உள்ளே கடத்தும் புரதங்களை உருவாக்கச் சொல்கிறது. கதவு திறக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு மேற்பார்வையாளர் உண்டு. கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால், அரிசி மணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. இரத்தத்தில் கால்சியம் இறங்கினால் இவை ஹார்மோனை விடும். அது சிறுநீரகத்திடம் "கால்சிட்ரியால் கூடுதலாகச் செய்" என்று சொல்லும். எலும்பிடம் "கொஞ்சம் கால்சியம் கொடு" என்றும் கேட்கும். வைட்டமின் டி வருடக் கணக்கில் குறைவாகவே இருந்தால் எலும்பிடம் கேட்பது ஓயாது. என் அம்மாவின் உடம்பிலும் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும். இரத்தக் கால்சியம் சரியாகவே இருந்தது, ஆனால் அதைச் சரியாக வைத்திருக்க எலும்புதான் விலை கொடுத்தது.

3. குறைந்தால் வரும் மூன்று நோய்கள்

வளரும் பிள்ளைகளுக்கு வந்தால் ரிக்கெட்ஸ். புதிய எலும்பில் சுண்ணாம்பு ஏறாமல் கால் வில் போல வளையும். பெரியவர்களுக்கு வந்தால் எலும்பு மென்மை நோய். இடுப்பு, தொடை, விலா வலிக்கும். படியேறவும் உட்கார்ந்த இடத்தில் இருந்து எழவும் சிரமமாக இருக்கும். இதைப் பலர் வாதம் என்றும் வயசுக் கோளாறு என்றும் தள்ளிவிடுவார்கள், நான் தள்ளியது போல.

மூன்றாவது எலும்புப்புரை. இதற்கு வைட்டமின் டி குறைவு மட்டும் காரணம் அல்ல. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவது பெரிய காரணம். வயது, புகை, மது, நடக்காமல் இருப்பது, சில மருந்துகள் என்று இன்னும் பல உண்டு. வைட்டமின் டி குறைவு இவற்றோடு சேர்ந்துகொண்டு எலும்பை வேகமாகக் கரைக்கிறது. தசையும் பலவீனமாவதால் விழவும் வைக்கிறது.

4. உலகம் இதை எப்படிக் கண்டுபிடித்தது?

ஐரோப்பாவின் புகை மண்டிய தொழிற்சாலை நகரங்களில் ரிக்கெட்ஸ் மிகச் சாதாரணமாக இருந்தது. 1919-இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்சின்ஸ்கி என்ற மருத்துவர் நோயுற்ற பிள்ளைகளுக்குப் புற ஊதா விளக்கொளி காட்டினார். எலும்பு தேறியது. ஒரு கையில் மட்டும் ஒளி காட்டியபோதும் மறு கை எலும்பும் சேர்ந்தே தேறியது. அப்படியானால் தோலில் ஏதோ ஒன்று உண்டாகி இரத்தத்தின் வழியாகப் போகிறது என்று பொருள். அதே காலத்தில் இங்கிலாந்தில் எட்வர்ட் மெலன்பி நாய்களை வைத்து, மீன் எண்ணெய் ரிக்கெட்ஸைத் தடுக்கிறது என்று காட்டினார். 1922-இல் அமெரிக்காவின் மெக்காலம் அந்தப் பொருளுக்கு வைட்டமின் டி என்று பெயர் வைத்தார்.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் நடந்தது. 1960-களில், ஒழிந்துவிட்டதாக நினைத்த ரிக்கெட்ஸ் அங்கே மறுபடி தலைகாட்டியது. இந்தியா, பாகிஸ்தானில் இருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளிடம்தான் அது அதிகம். கறுத்த தோல், மங்கிய வெயில், உடம்பை மூடிய உடை, கால்சியத்தைப் பிடித்துவைக்கும் பைட்டேட் நிறைந்த சப்பாத்தி உணவு எல்லாம் சேர்ந்துகொண்டன. 1979-இல் அந்நகரில் இலவசமாக வைட்டமின் டி கொடுக்கத் தொடங்கினார்கள். பிள்ளைகளிடம் நோய் நன்றாகக் குறைந்தது.

5. வெயில் ஊரில் நமக்கு ஏன்?

"கிளாஸ்கோல வெயில் இல்ல, சரி. ஈப்போல வெயிலுக்கா பஞ்சம்?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். ஆனால் ஜகார்த்தா, கோலாலம்பூர் நகரங்களின் இளம் பெண்களிடம் நடத்தி 2008-இல் வெளிவந்த ஆய்வில், 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்களுக்கு அளவு 50 நானோமோலுக்குக் கீழே இருந்தது. ஆந்திராவின் திருப்பதியில் ஹரிநாராயண் என்ற மருத்துவரின் குழு, வெயிலில் வேலை செய்யும் கிராமத்து மக்களிடம்கூடக் குறைவு இருப்பதை 2007-இல் எழுதியது. அவர்கள் உணவில் கால்சியம் குறைவு, பைட்டேட் அதிகம். கால்சியம் பற்றாதபோது உடம்பு வைட்டமின் டி-யையும் வேகமாகச் செலவழித்துவிடுகிறது.

நம் ஊருக்கு வருவோம். வெயில் வெளியே இருக்கிறது, நாம்தான் உள்ளே இருக்கிறோம். காரில் போனாலும் கண்ணாடி வழியாக அந்த 'பி' கதிர் வராது. ஆகவே ஜன்னலோரம் உட்காருவது பயன் இல்லை. பேக்டரியில் நைட் ஷிப்ட் பார்ப்பவர் பகலெல்லாம் தூங்குகிறார். பிள்ளைகள் பள்ளி, டியூஷன், கைப்பேசி என்று கூரைக்குள்ளேயே சுற்றுகிறார்கள். நம் தோலில் மெலனின் அதிகம். அது இயற்கை கொடுத்த குடை, ஆனால் அந்தக் கதிரையும் உறிஞ்சிக்கொள்ளும். வெளுத்த தோலை விட நமக்குப் பல மடங்கு நேரம் வேண்டும். நம் வீடுகளில் பெண் பிள்ளைகளுக்கு என்ன சொல்கிறோம்? "வெயில்ல போகாதே, கறுத்துருவே." கறுப்பு குறை அல்ல, பிள்ளைகளே. அந்தப் பேச்சைக் கேட்டு உள்ளே அடைந்து கிடப்பதால் வரும் எலும்பு நோய்தான் குறை.

அம்மாவின் கதைக்கும் இப்போது விடை கிடைக்கிறது. வெட்டுக்காட்டில் அவர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் பெரட்டுக்குப் போனார். மரம் வெட்டியது பெரும்பாலும் விடிகாலையிலும் ரப்பர் மர நிழலிலும். பால் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோன நேரத்தில் கொஞ்சம் வெயில் கிடைத்திருக்கும். ஆனால் அது 25 வருசத்துக்கு முந்தைய வெயில். வைட்டமின் டி சில வாரம், மிஞ்சினால் சில மாதம்தான் உடம்பில் நிற்கும். வயதாக ஆக, தோலில் அந்த மூலப்பொருளும் குறைந்துவிடுகிறது. அன்றைய வெயில் இன்றைக்கு உதவாது.

எலும்பு அப்படி அல்ல, அதைச் சேமிக்கலாம். எலும்பின் பெரும்பகுதி 18 வயதுக்குள் சேர்ந்துவிடும். இருபதுகளில் உச்சத்தைத் தொடும். பிறகு மெல்ல மெல்ல இறக்கம்தான். இதைப் படிக்கும் உங்களில் பலர் இப்போது அந்தச் சேமிப்புக் காலத்தில் இருக்கிறீர்கள்.

6. என்ன செய்யலாம்?

வெயில்: "காலை 7 மணி வெயில் நல்லது" என்று எல்லாரும் சொல்வார்கள். நம் நாட்டில் 7 மணிக்குச் சூரியன் அப்போதுதான் எட்டிப் பார்க்கும். 1982 ஜனவரி 1-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். ஈப்போவில் சூரியன் உச்சிக்கு வருவதே சுமார் 1.15 மணிக்குத்தான். வைட்டமின் டி-க்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தை விடக் குட்டையாக இருக்க வேண்டும். இங்கே பெரும்பாலும் காலை 10.30 வாக்கில் அப்படி ஆகும். கையும் காலும் திறந்திருக்க, வாரத்தில் மூன்று நான்கு நாள், 20 நிமிடம் போதும். தோல் எரியும் வரை நிற்கக் கூடாது. தோல் நோய் உள்ளவர்களும், வெயில் ஆகாத மருந்து எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

சூரிய நமஸ்காரத்தைப் பற்றியும் கேட்பீர்கள். நம் முன்னோர் வைட்டமின் டி-யை அறிந்துதான் அதைச் சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உதய சூரியனிடம் அந்தக் கதிர் மிகக் குறைவு. ஆனால் உடல் எடையைக் கையிலும் காலிலும் தாங்கிச் செய்யும் பயிற்சி எலும்பைக் கட்டத் தூண்டும். பக்திக்கு விடிகாலையில் செய்யுங்கள், வைட்டமின் டி-க்கு விடுமுறை நாளில் 10.30-க்கு மைதானத்துக்குப் போங்கள்.

உணவு: மலேசியப் பரிந்துரைப்படி (2017) 65 வயது வரை நாளுக்கு 15 மைக்ரோகிராம், அதாவது 600 யூனிட் வைட்டமின் டி வேண்டும். அதற்கு மேல் வயதானால் 800 யூனிட். டின் மத்தி, கானாங்கெளுத்தி, முட்டை மஞ்சள் கருவில் இது உண்டு. சைவம் சாப்பிடுவோர், வைட்டமின் டி சேர்த்த பால், சோயா பால் என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்து வாங்கலாம். வெயிலில் காயவைத்த காளானிலும் கொஞ்சம் கிடைக்கும். கால்சியம் 10 முதல் 18 வயது வரை 1,300 மில்லிகிராம் வேண்டும். தயிர், தவ்பு, முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி நல்லவை. கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. ஊறவைத்து, முளைகட்டி, புளிக்கவைத்துக் கூழாக்கினால் பைட்டேட் குறையும்.

மாத்திரை: இணையத்தில் பெரிய டோஸ் வாங்கி விழுங்காதீர்கள். பெரியவர்களுக்கு மருத்துவர் சொல்லாமல் நாளுக்கு 4,000 யூனிட்டுக்கு மேல் ஆகாது. மிஞ்சினால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, சிறுநீரகக் கல் வரை போகும். ஆஸ்திரேலியாவில் வயதான பெண்களுக்கு ஆண்டுக்கு ஒரே தடவை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-இல் வந்த முடிவு, விழுவதும் எலும்பு முறிவதும் கூடியது என்று காட்டியது. 2022-இல் வெளிவந்த 25,000-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்ட அமெரிக்க ஆய்வில், குறைவு இருக்கிறதா என்று பார்க்காமல் பொதுவாக நலமானவர்களுக்குக் கொடுத்தபோது எலும்பு முறிவு குறையவில்லை. குறைவு உள்ளவருக்கு அது மருந்து. குறைவு இல்லாதவருக்குக் காசுதான் செலவு.

7. வீட்டுப்பாடம்

அ) ஒரு விடுமுறை நாளில் காலை 8, 9, 10, 11 மணிக்கு வெளியே நின்று உங்கள் நிழலை அளந்து எழுதுங்கள். எப்போது அது உங்கள் உயரத்தை விடக் குட்டையாகிறது?

ஆ) தோல், கல்லீரல், சிறுநீரகம், சிறுகுடல், பாராதைராய்டு ஒவ்வொன்றின் வேலையையும் ஒரு வரியில் எழுதுங்கள். கல்லீரல் நன்றாக இருந்து சிறுநீரகம் பழுதானால் என்ன ஆகும்?

இ) உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இவற்றைக் கேளுங்கள். தொடை, இடுப்பு வலிக்கிறதா? நாற்காலியில் இருந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா? முன்பை விடக் குட்டையாகிவிட்டார்களா? கடந்த ஓர் ஆண்டில் விழுந்தார்களா? ஒன்றுக்கு "ஆமா" என்று வந்தாலும், அல்லது எழ முடியவில்லை என்றாலும், அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போய் எலும்பைப் பற்றிக் கேளுங்கள். தைலத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

ஈ) குளியலறையில் பிடிமானக் கம்பியும் வழுக்காத பாயும் போடுங்கள். எங்கள் வீட்டில் அவை இப்போது இருக்கின்றன. விழுவதற்கு முன்பே போட்டிருக்கலாம்.

அம்மா இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். டாக்டர் கொடுத்த எலும்பு மருந்தும் வைட்டமின் டி-யும் கால்சியமும் நடக்கின்றன. தினமும் 10.30-க்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறோம், எதிரே சுண்ணாம்பு மலை தெரியும். முதல் நாள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "வெட்டுக்காட்டுல இருந்தப்ப நெழலத் தேடுனேன். இப்ப நீ வெயிலுக்கு வான்னு கூப்புடுறே."

நான் கூப்பிட்டது தாமதமாகத்தான். நீங்கள் இன்றைக்கே கூப்பிடுங்கள்.